குளிருக்கு முன் வியர்வையைக் கவனியுங்கள்

"டீச்சர், கினபாலு ஏறப் போகிறோம். எந்த ஜாக்கெட் வாங்கலாம்?"

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், இந்தக் கேள்வி என்னிடம் வந்துவிடும். கேட்கும் மாணவர் கைப்பேசியையும் நீட்டுவார். அதில் முந்நூறு, நானூறு ரிங்கிட் விலையில் தடித்த ஜாக்கெட் ஒன்று இருக்கும். "உள்ளே என்ன போடப் போகிறாய்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். "சாதாரண டி-சட்டைதான் டீச்சர்" என்று பதில் வரும். சாதாரண டி-சட்டை என்றால் பருத்தி. மாணவர்களே, என் கவலை ஜாக்கெட்டைப் பற்றியது அல்ல. அந்த டி-சட்டையைப் பற்றியது.

பினாங்கில் வளரும் நமக்குக் குளிர் என்றால் கொடிமலை உச்சியில் வீசும் காற்றும் பேரங்காடியின் குளிர்சாதனமும்தான். அதனால் தடித்த ஆடை போட்டால் சூடு வரும் என்று நம்பிவிடுகிறோம். ஆடை சூடு தருவதில்லை. அடுப்பு நம் உடல். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மனிதரின் உடல் நொடிக்கு ஏறத்தாழ 100 ஜூல் வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பம் ஓடிவிடாமல் தடுப்பது மட்டுமே ஆடையின் வேலை. அதிலும் உண்மையில் தடுப்பது துணி அல்ல, துணிக்குள் அசையாமல் நிற்கும் காற்று. படிவம் இரண்டில் 'வெப்பம்' பாடத்தில் காற்று ஓர் அரிதிற் கடத்தி என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். அந்த ஒரு வரிதான் மலையில் உயிரைக் காக்கிறது.

இலவம் பஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பாட்டிமார் தலையணைக்கு அடைத்த அதே பஞ்சு. மலாய்க்காரர்கள் கெக்காபு என்பார்கள். அதன் ஒவ்வோர் இழையும் உள்ளே காற்று நிறைந்த மெல்லிய குழாய். 1953இல் எவரெஸ்டை முதன்முதலாக ஏறி முடித்த பிரிட்டிஷ் குழுவுக்கு, மிக உயரத்தில் அணிவதற்கென்றே தனிக் காலணிகள் செய்யப்பட்டன. குளிரைத் தடுக்க அவற்றின் மேற்பகுதியில் ஏறக்குறைய ஓர் அங்குலத் தடிமனுக்கு வைக்கப்பட்டது இலவம் பஞ்சு! வெப்ப மண்டலத்து மரத்தின் பஞ்சு உலகின் உச்சியில் பயன்பட்டிருக்கிறது.

அத்தனை நல்ல காலணியும் ஒரு காலையில் ஹில்லாரியைச் சோதித்தது. அவரும் டென்சிங்கும் உச்சிக்குக் கிளம்ப வேண்டிய 1953 மே 29ஆம் நாள் காலை அது. முந்தின நாள் வியர்வையில் ஈரமாகியிருந்த காலணிகளை ஹில்லாரி கழற்றி வைத்திருந்தார். விடிந்தபோது அவை கல்லாக உறைந்திருந்தன. கூடாரத்துக்குள் அடுப்பை மூட்டி, அந்த நெருப்பில் காட்டித்தான் அவற்றை மறுபடி அணியும் நிலைக்குக் கொண்டுவந்தார். அங்கே பனிப்புயல் செய்யாத வேலையை அவருடைய சொந்த வியர்வை செய்துவிட்டது. இன்றும் எவரெஸ்ட் ஏறுபவர்கள் காலணியின் உள்பகுதியைத் தனியே கழற்றி, உறங்கும் பைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது இதற்காகத்தான்.

வியர்வைக்கு இவ்வளவு பயப்பட வேண்டுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உடல் வெப்பநிலையில் 1 கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வேண்டும். மலை ஏறியதில் உங்கள் சட்டை 100 கிராம் வியர்வையைக் குடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது முழுவதும் உங்கள் உடலின் வெப்பத்தைக் கொண்டே காய வேண்டுமானால் 2,40,000 ஜூல் போகும். ஓய்வில் இருக்கும் உடல் இத்தனை வெப்பத்தை உண்டாக்க 40 நிமிடம் ஆகும். இதோடு முடியவில்லை. அசையாத காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த பருத்தி தோலோடு ஒட்டிக்கொண்டு, இழைகளுக்கு இடையிலிருந்த காற்றையும் வெளியேற்றிவிடுகிறது. அதற்கு மேல் நானூறு ரிங்கிட் ஜாக்கெட் போட்டிருந்தாலும் நீங்கள் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள் என்பதே உண்மை.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படியேறி, நனைந்த உடையோடு காற்றில் நின்றவர்களுக்கு அந்தச் சில்லிப்பு தெரியும். நம் ஊர் வெயிலில் அது சுகம். கினபாலுவில் அப்படி இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. கினபாலுவின் உயரம் 4,095 மீட்டர். கீழே 30 டிகிரி என்றால் மேலே ஏறக்குறைய 3 டிகிரி. பெரும்பாலோர் முதல் நாள் முழுக்க வியர்வையிலும் மழையிலும் ஏறுகிறார்கள். பின்னிரவு இரண்டு, மூன்று மணிக்கு மறுபடி கிளம்பி, உச்சியில் சூரியன் எழுவதற்காகக் காத்து நிற்கிறார்கள். ஆபத்து அந்தக் காத்திருப்பில்தான். ஏறும்போது உடல் தந்த கூடுதல் வெப்பம் நின்றுவிடும். சட்டையின் ஈரம் நிற்காது. உடலின் மைய வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது மருத்துவ அவசரநிலை. அதற்கு உறைபனி தேவையில்லை. ஈரமும் காற்றும் போதும்.

ஆகவே பள்ளிச் சுற்றறிக்கைகளில் வரும் 'தடித்த ஆடை கொண்டு வரவும்' என்ற வரியை நான் ஏற்பதில்லை. 'மாற்றிக்கொள்ள உலர்ந்த உள்ளாடை கொண்டு வரவும்' என்று எழுத வேண்டும்.

இந்த அறிவு மலையேறிகளுக்கும் எளிதில் வந்துவிடவில்லை. 1922 எவரெஸ்ட் பயணத்தில் ஜார்ஜ் ஃபின்ச் என்ற வேதியியலாளர் இருந்தார். மற்றவர்கள் கம்பளி, பட்டு, பருத்தி என்று அடுக்கி அணிந்தபோது, அவர் பலூன் செய்யும் துணியை மேலாக வைத்து, உள்ளே வாத்தின் மென்சிறகை அடைத்துத் தமக்கென ஒரு மேலங்கி தைத்துக்கொண்டார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். குளிர் ஏற ஏறச் சிரிப்பு அடங்கியது. காற்றைப் புகவிடாத வெளித்துணி, காற்றைச் சிறைப்பிடிக்கும் உள்பொருள்: இன்றைய எவரெஸ்ட் உடைகளும் இதே ஏற்பாடுதான். 1997 மே 23 அன்று எம். மகேந்திரனும் என். மோகனதாசும் முதல் மலேசியர்களாக எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது நாடே கொண்டாடியது. அவர்கள் இருவரும் நம்மைப்போலவே பனி விழாத நாட்டுக்காரர்கள். குளிர்நாட்டில் பிறந்தால்தான் இதெல்லாம் புரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காற்றைப் புகவிடாத வெளித்துணி எதற்கு? வெப்பநிலை மைனஸ் 20 டிகிரியாக இருக்கும்போது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 34 டிகிரிபோலத் தெரியும். தோலை ஒட்டியிருக்கும் வெதுவெதுப்பான காற்றைக் காற்றோட்டம் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. எவரெஸ்ட் உச்சியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். உணவை எரிக்க ஆக்சிஜன் போதாது. அடுப்பே மங்கி எரிகிறது.

அப்போது உடல் ஒரு கடுமையான முடிவை எடுக்கும். இதயத்தையும் மூளையையும் காப்பாற்ற, கைகால் விரல்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடும். பனிக்கடி விரல்களில் தொடங்குவது அதனால்தான். 1950இல் அன்னபூர்ணா உச்சியை அடைந்த பிரெஞ்சுக்காரர் மோரிஸ் எர்சோக், இறங்கும் வழியில் கையுறைகளைக் கழற்றினார். அவை சரிவில் உருண்டு போய்விட்டன. அவர் விரல்களை இழந்து வீடு திரும்பினார். எவரெஸ்ட் ஏறிய நம் நாட்டுத் தமிழர் டி. ரவிச்சந்திரனும் பனிக்கடிக்கு விரல்களைக் கொடுத்தவர்தான். அதன் பிறகும் அவர் மலையை விடவில்லை. அந்த மனவுறுதி பெரிது. ஆனால் பனிக்கடி மனவுறுதியைப் பார்த்து ஒதுங்கிப் போகாது என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

எனவே என் ஆலோசனை கடைக்காரர் சொல்வதற்கு நேர் எதிரானது. பணத்தை உள்ளிருந்து வெளியே செலவழியுங்கள். தோலைத் தொடும் சட்டைக்கு ஒரு ரிங்கிட்கூட ஆகாது, ஏனென்றால் அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது: பந்து விளையாடும் ஜெர்சி. அது பாலியெஸ்டர், தன் எடையில் ஒரு விழுக்காடு நீரைக்கூட இழைக்குள் இழுக்காது. உடலோடு ஒட்டியதாகப் பார்த்து, இரண்டு எடுத்துச் செல்லுங்கள். நடுவே ஒரு கம்பளிச் சட்டை அல்லது ஃபிளீஸ் சட்டை. பண்டல் கடைகளில் தேடிப் பாருங்கள், பழையதே போதும். மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் மெல்லிய அங்கி. வாத்துச் சிறகு ஜாக்கெட் கினபாலுவுக்குக் கட்டாயமில்லை. மழையில் நனைந்தால் சிறகு ஒட்டிப்போய்ப் பயனில்லாமல் ஆகிவிடும். மிச்சமாகும் பணத்தில் நல்ல காலுறையும் கையுறையும் வாங்குங்கள். ஜீன்ஸ் வீட்டிலேயே இருக்கட்டும். ஏறும்போது வியர்க்கத் தொடங்கினால் உடனே ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். நின்றவுடன், குளிர் தெரிவதற்கு முன்பே, மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே அளவுள்ள இரண்டு பால் டின்களில் வெந்நீர் ஊற்றி, ஒன்றை உலர்ந்த பருத்தித் துணியாலும் மற்றதை நனைத்துப் பிழிந்த அதே துணியாலும் சுற்றி, மின்விசிறிக்கு முன் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் போடுங்கள். பிறகு மூன்றாவது டின்னுக்கு உங்கள் ஜெர்சியை நனைத்து, நன்றாக உதறிச் சுற்றிப் பாருங்கள். வெந்நீரை ஊற்றும்போது வீட்டில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.