சொஃப்ட்வெயார்காரருக்கு மட்டும் ஏன் இவ்வளவு சம்பளம்?



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளை ஓ.எல். எழுதவைத்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றார் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

போன கிழமை அஸருக்குப் பிறகு ஒரு வாப்பா எம்மைத் தேடி வந்தார். "சேர், மகன சொஃப்ட்வெயார் படிக்க வெக்கப் போறன். டவுண்ல ஒரு இடத்தில டிப்ளோமா குடுக்காங்களாம். வளவ ஈடு வெச்சாத்தான் காசு. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். மகனுக்கு ஓ.எல். கணிதத்தில் எஸ். வீட்டில் கம்பியூட்டர் இல்லை. பக்கத்து வீட்டுப் பொடியன் கொழும்பில் ஐ.டி. வேலை செய்து இலட்சக்கணக்கில் எடுக்கிறான் என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே விசயம்.

அவருக்குச் சொன்ன பதிலைப் பிறகு சொல்கிறோம். அதற்கு முதல், அந்தப் பொடியனுக்கு ஏன் அவ்வளவு சம்பளம் என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். அது விளங்காமல் வளவை ஈடு வைப்பது ஆபத்து.

முதலாவது காரணம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஏ.எல். டியூஷன் மாஸ்டரை யோசித்துப் பாருங்கள். நாங்கள் வகுப்பில் 40 பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். அவர் ஹோலில் 500 பிள்ளைகளுக்கு அதே பாடத்தைப் படிப்பிக்கிறார். தலைக்கு 1500 ரூபா என்று வைத்துக்கொண்டால் மாதம் ஏழரை இலட்சம். அவர் எங்களைவிடப் பத்து மடங்கு அறிவாளி என்று யாரும் சொல்வதில்லை. ஒரே மூச்சில் அதிகம் பேருக்குப் போய்ச் சேர்கிறார், அவ்வளவுதான்.

மென்பொருள் அந்த ஹோலுக்குச் சுவரே இல்லாத மாதிரி. தையற்காரர் ஒரு சேட் தைத்தால் ஒருவர்தான் உடுக்கலாம். அடுத்த சேட்டுக்கு அடுத்த துணி வேண்டும், அடுத்த நாள் வேண்டும். ஒரு புரோகிராமை ஒருமுறை எழுதிவிட்டால் ஆயிரம் பேருக்குக் கொடுக்கலாம், பத்து இலட்சம் பேருக்கும் கொடுக்கலாம். புதிதாக ஒருவர் சேர்வதால் கூடும் செலவு மிகக் கொஞ்சம். அந்த இலாபத்தில் ஒரு துண்டுதான் எழுதியவருக்குச் சம்பளமாக வருகிறது.

எங்கள் நாட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1996 இல் இங்கே தொடங்கிய மில்லேனியம் ஐ.டி. பங்குச் சந்தைகளுக்கான மென்பொருள் செய்தது. 2009 இல் இலண்டன் பங்குச் சந்தைக் குழுமம் அந்தக் கொம்பனியை 30 மில்லியன் டொலருக்கு வாங்கியது. 2011 இல் இலண்டன் பங்குச் சந்தையே அந்த மென்பொருளுக்கு மாறியது. பிறகு ஜொகன்னஸ்பேர்க் சந்தையும் அதை எடுத்தது. இலங்கைப் பிள்ளைகள் எழுதியது மூன்று கண்டத்துக்குப் போனது. இதே வருடங்களில் எங்கள் வகுப்பறைக்குள் இருந்ததும் அதே 40 பிள்ளைகள்தான்.

இரண்டாவது காரணம் டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே மாதம் 360 ரூபாவைத் தொட்டது. வெளிநாட்டுக்கு வேலை செய்து 1000 டொலர் எடுத்தவருக்கு இரண்டு இலட்சமாக இருந்தது இரண்டே மாதத்தில் மூன்று இலட்சத்து அறுபதாயிரம் ஆனது. அவர் ஒரு மணித்தியாலம்கூடக் கூடுதலாக வேலை செய்யவில்லை. எங்கள் சம்பளம் அதே ரூபா, ஆனால் அரிசியும் பால்மாவும் எண்ணெயும் அதே விலையில் இல்லை. அந்த வருடம் பெற்றோல் வரிசையில் நின்று பாடசாலைக்குப் போனவர்களுக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஐ.டி. சம்பளம் கூடியதாகத் தெரிவதில் ஒரு பங்கு எங்கள் ரூபா விழுந்த கதை. அமெரிக்காவில் அதே வேலைக்குக் கொடுப்பதோடு பார்த்தால் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைப்பது குறைவு. குறைந்த காசுக்கு வேலை முடிகிறது என்பதால்தான் வெளிநாட்டுக் கொம்பனிகள் இங்கே வருகின்றன.

மூன்றாவது, பிழை விட்டால் வரும் நட்டம். 2012 ஓகஸ்ட் முதலாம் திகதி அமெரிக்காவில் நைட் கெப்பிட்டல் என்ற பங்கு வியாபாரக் கொம்பனி புதிய மென்பொருளைச் சரியாகப் பொருத்தாததால் முக்கால் மணித்தியாலத்தில் 440 மில்லியன் டொலர் அளவில் இழந்தது. அப்படி ஒன்று நடக்காமல் பார்க்கக்கூடியவர்கள் கொஞ்சப் பேர்தான். அவர்களைப் பக்கத்துக் கொம்பனியும் கூப்பிடுகிறது, துபாயும் கூப்பிடுகிறது, அவுஸ்திரேலியாவும் கூப்பிடுகிறது. பிடித்து வைக்கச் சம்பளத்தைக் கூட்டத்தான் வேண்டும்.

இந்த மூன்றிலும் "அது உயர்ந்த தொழில், மற்றது தாழ்ந்த தொழில்" என்ற பேச்சுக்கு இடமில்லை என்பதைக் கவனியுங்கள். வார்ட்டில் இரவு முழுக்க நிற்கும் நேர்ஸ், காலையில் குப்பை அள்ளும் தொழிலாளி, இவர்கள் ஒரு கிழமை வராவிட்டால் ஊரே நாறும். சந்தை கொடுக்கும் விலை வேறு, வேலையின் பெறுமதி வேறு. சீதனப் பேச்சிலும் கலியாணப் பேச்சிலும் நாம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் கோபம் இல்லாமல் இல்லை. 1997 இலிருந்து இழுபட்ட சம்பள முரண்பாட்டுக்காக 2021 இல் மூன்று மாதத்துக்கு மேல் ஒன்லைன் கற்பித்தலை நிறுத்தி நின்றோம். கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு. அந்தக் காலத்தில் பிள்ளைகள் படிப்பை இழந்தார்கள் என்பதும் உண்மை, அது எங்களுக்கும் வலித்தது. ஆனால் அந்தக் கோபத்தை ஐ.டி. பிள்ளைகள் மேல் காட்டுவதில் நியாயம் இல்லை. அவர்கள் எங்கள் பங்கை எடுக்கவில்லை. எங்களுக்குத் தரவேண்டியது அரசாங்கம்.

எம்மைக் கவலைப்படுத்துவது வேறொன்று. நன்றாகக் கோடிங் தெரிந்த ஒரு பட்டதாரி ஆசிரியர் தொழிலுக்கு ஏன் வரவேண்டும்? வந்தாலும் ஏன் நிற்கவேண்டும்? கிராமப் பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிப்பிக்க ஆள் இல்லாமல் வேறு பாட ஆசிரியர் புத்தகத்தை வாசித்துக் காட்டும் நிலையை நாங்கள் பார்க்கிறோம். கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் அதே கதைதான். அடுத்த தலைமுறைப் பொறியியலாளரை உருவாக்க வேண்டிய ஆசிரியரை இந்தத் தலைமுறைச் சந்தை கொண்டுபோகிறது. நகரத்துப் பிள்ளை காசு கொடுத்து வெளியில் படிக்கும். எங்கள் பிள்ளை எங்கே போகும்?

அந்த இடைவெளியில்தான் "ஆறு மாதத்தில் சொஃப்ட்வெயார் எஞ்சினியர்" என்ற விளம்பரம் வருகிறது.

இப்போது அந்த வாப்பாவுக்குச் சொன்னதைச் சொல்கிறோம்.

"காக்கா, வளவை ஈடு வைக்காதீங்க" என்றோம். சம்பளம் சான்றிதழுக்குக் கிடைப்பதில்லை, செய்து காட்டும் வேலைக்குத்தான் கிடைக்கிறது. இலட்சக்கணக்கில் எடுப்பவர்கள் பல வருடம் தாக்குப்பிடித்தவர்கள். புதிதாகச் சேர்பவருக்குப் பயிற்சிக் காலத்தில் கிடைக்கும் கொடுப்பனவு கொழும்பு போர்டிங்குக்கும் சாப்பாட்டுக்கும் போதாமல் போகலாம். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும் 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் நிறுத்தப்போவதாக அறிவித்தன. இப்போது ஆரம்பநிலைக் கோடிங்கில் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவே எழுதுகிறது. கதவு மூடவில்லை, ஆனால் ஒடுங்கியிருக்கிறது.

மகனை மறித்துவிடவும் சொல்லவில்லை. மொறட்டுவப் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகவே பைதன் ஆரம்பப் பாடநெறி வைத்திருக்கிறது. "பாடசாலைக் கம்பியூட்டர் அறையில் பின்னேரம் இருந்து அதைச் செய்யட்டும். அதிபரிடம் நாங்கள் பேசுகிறோம். மூன்று மாதம் விடாமல் வந்தானென்றால், பிழை வரும்போது எரிச்சல்படாமல் திரும்பத் திரும்பத் தேடினானென்றால், பிறகு காசைப் பற்றிப் பேசுவோம்" என்றோம். அதோடு கணிதத்தைத் திரும்ப எழுதவும் சொன்னோம்.

அவர் முழுச் சந்தோசமாகப் போகவில்லை. மகன் அடுத்த நாளே வந்துவிட்டான்.

காசு கட்ட முதல் மற்றப் பெற்றாரும் மூன்று விசயம் கேளுங்கள். அந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா? பட்டம் என்றால் அது இலங்கையில் அங்கீகரிக்கப்பட்டதா? போன வருடம் படித்து முடித்த இரண்டு பிள்ளைகளோடு பேச விடுவார்களா? மூன்றாவதுக்கு மழுப்பினால் எழும்பி வந்துவிடுங்கள்.

ஊருக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிவாசல் நிர்வாகங்களும் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சகோதரர்களும் கட்டடத்துக்கு அள்ளிக் கொடுக்கிறீர்கள், அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. அதில் ஒரு பங்கை தரம் 6 இலிருந்து கணிதமும் ஆங்கிலமும் ஒழுங்காகப் படிப்பிக்க ஒதுக்குங்கள். ஐ.டி. வேலையில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் சூமில் வந்து எங்கள் பிள்ளைகளோடு பேசுங்கள். உங்கள் சம்பளத்தைக் கேட்டு நாங்கள் பொறாமைப்படவில்லை. நீங்கள் எங்கள் வகுப்பில் இருந்து போனவர்கள்தான். அந்த வகுப்பை மறந்துவிடாதீர்கள்.

யார் வரத் தயார்? கொமண்ட்டில் சொல்லுங்கள். சனிக்கிழமை பின்னேரம் கம்பியூட்டர் அறையைத் திறந்துவைக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.