விளக்கற்ற ஊர்கள்

பழைய வருவாய் ஆவணங்களில் குடியற்ற ஊருக்குப் 'பேச்சிராக்' என்று பெயர். பாரசீகத்தில் விளக்கற்றது எனப் பொருள். அச்சொல்லை எழுதிய குமாஸ்தா, அறியாமலேயே கவிஞன்.

வெம்பக்கோட்டையில் 2022இல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் கிடைத்தன, மகிழ்ச்சியே. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பக்கம் சில நூற்றாண்டுகளுக்குள் குடிபோன ஊர்களின் நத்தமேடுகளை யார் தோண்டுவார்? ஈராயிரம் ஆண்டுத் தொன்மை இல்லையேல் நமக்கு அது வெறும் மண்.

இங்கிலாந்தின் வாரம் பெர்சி, ஆட்டு மேய்ச்சலுக்காகக் குடிகளை வெளியேற்றியதால் ஏறக்குறைய 1500இல் பாழான சிற்றூர். அதை 1950 முதல் நாற்பதாண்டுகள் அகழ்ந்தார்கள். தேடியது அரண்மனையை அன்று, குடியானவனின் வீட்டை.

இங்கே மேட்டில் சிதறிய ஓடுகளைப் பொறுக்கிச் சர்வே எண்ணோடு குறித்துவைக்கக் கல்லூரி மாணவர் நால்வர் போதும், மண் லாரிகள் முந்திக்கொள்ளாவிட்டால்.