தென்னம்பிள்ளையைப் பிடுங்காதீங்க சாமிகளா!

சிவகிரியிலிருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போனால் தோப்பு தோப்பாகத் தென்னை. மலையிலிருந்து யானை இறங்கி, குருத்துக்கு ஆசைப்பட்டு நாலு இளந்தென்னையைச் சாய்த்துவிட்டால் போதும். மறுநாள் கூட்டம் கூடும், வனத்துறைக்கு மனு போகும், பேப்பரில் போட்டோ வரும். நியாயமான கோபம்தான். ஆனால் மழைக்காலமும் பனியும் முடிந்த தை, மாசியில் யானை வராமலேயே, மண்வெட்டியும் கையுமாக வரும் மனுஷனே பிடுங்கி வரப்பில் எறிகிற தென்னம்பிள்ளைக்கு யார் மனு கொடுப்பது?

நடப்பது இதுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழை. அப்புறம் மார்கழிப் பனி. மூன்று வயசுப் பிள்ளையின் நடுக்குருத்து பழுப்பாகிறது, தொங்குகிறது. ஓலை நுனியெல்லாம் கருகின மாதிரி. உடனே டீக்கடைத் தீர்ப்பு வந்துவிடும்: "இது தேறாதுப்பா, பிடுங்கிட்டு வேற வை." கன்று விற்கிறவர் இதை மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்க்க முடியுமா? :-)

வேற வைக்கலாம்தான். நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும், குட்டை ரகத்துக்கே மூன்று நாலு வருஷம். பிடுங்கியது கன்றை மட்டுமில்லை, அதற்கு ஊற்றிய மூன்று வருஷத் தண்ணீரையும்தான். கிணறு வற்றும் ஊரில் மூன்று வருஷத் தண்ணீர் என்றால் என்னவென்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"செத்துப்போச்சு" என்று சொல்கிறவர்கள் எதைப் பார்த்துச் சொல்கிறார்கள்? ஓலையைப் பார்த்து. தப்பே அங்கேதான். வேம்பையோ புளியையோ வெட்டினால் பக்கத்தில் பத்து இடத்தில் துளிர்க்கும். தென்னைக்கு அந்த வசதி கிடையாது. அதற்கு உயிர் ஒரே இடத்தில், மட்டைகளுக்கு நடுவே அடியில் இருக்கிற முளைப்பகுதியில். அது செத்தால் மரம் செத்தது. அது இருந்தால், மேலே ஒரு ஓலைகூடப் பச்சையாக இல்லாவிட்டாலும் மரம் பிழைக்க வழி உண்டு. ஆகவே ஓலையைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வது, சட்டை கிழிந்திருக்கிறது என்பதற்காக ஆளுக்கு இறப்புச் சான்றிதழ் எழுதுவது மாதிரி.

மழைக்காலக் குருத்தழுகலுக்குக் காரணம் பைட்டோப்தோரா என்ற, பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிர். (இதே குடும்பத்து இன்னொரு ஆசாமிதான் 1840களில் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்தது.) குளிர்ச்சியும் ஈரமும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். இளங்கன்றைத்தான் முதலில் பிடிக்கும். குருத்தை மெல்ல இழுத்தால் கையோடு வந்துவிடும், அடியில் நாற்றமடிக்கும். அழுகல் மேலிருந்து கீழே இறங்குகிறது. முளைப்பகுதியை எட்டுவதற்குள் தடுத்தால் பிள்ளை பிழைத்தது. குருத்து கையோடு வந்ததுமே கதை முடிந்தது என்று நினைப்பதுதான் அவசரம்.

தடுப்பதற்கு ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் தேவையில்லை. அழுகின பகுதியைச் சுத்தமான கத்தியால், வெள்ளையாகக் கெட்டியாக இருக்கும் திசு வரும்வரை சீவி எடுக்க வேண்டும். எடுத்த அழுகலைத் தோப்பிலேயே போடாமல் எரித்துவிட வேண்டும். பிறகு போர்டோ பசை: 100 கிராம் மயில்துத்தம் அரை லிட்டர் தண்ணீரில், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு இன்னொரு அரை லிட்டரில். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும், மாற்றி அல்ல. இரும்புப் பாத்திரம் கூடாது. பழைய இரும்புக் கத்தியை முக்கிப் பார்த்து, அதில் செம்பு படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. வெட்டின இடத்தில் இதைத் தடவி, புதுக்குருத்து வரும்வரை மழைநீர் இறங்காமல் பாலிதீன் தாளால் மூடி வைத்தால் போதும். பக்கத்துக் கன்றுகளுக்கு 1 சதவீத போர்டோ கலவையைத் தெளிக்க வேண்டும். வேளாண் துறை பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் முறைதான். கேட்க ஆள் வேண்டுமே!

அடுத்த கோஷ்டி, பிடுங்காமல் "வைத்தியம்" பார்க்கிறவர்கள். முதல் வேலையாக மஞ்சளடித்த மட்டைகளையெல்லாம் வெட்டி மொட்டையடிப்பார்கள். பாதி பச்சையாக இருக்கிற மட்டையும் சமையல் செய்துகொண்டுதான் இருக்கிறது. சாம்பல் சத்து போதாதபோது மரம் அதைக் கீழ்மட்டையிலிருந்து உறிஞ்சித்தான் மேலே அனுப்புகிறது. அதையும் வெட்டினால் அடுத்த மட்டையிலிருந்து உறிஞ்சும். நோயாளியின் கஞ்சிக் கலயத்தைப் பிடுங்குவதற்குப் பெயர் வைத்தியமா? இரண்டாவது வேலை, உரக்கடைக்கு ஓடி ஒரு படி யூரியா. நல்லா இருக்கிற பிள்ளைக்கே இரண்டாம் வருஷத்தில் கால் பங்கு, மூன்றாம் வருஷத்தில் அரைப் பங்கு உரம்தான் கணக்கு. குருத்தறுந்து கிடப்பதற்கு முழு விருந்தா? தழைச்சத்து ஏறி வரும் மெத்தென்ற திசு, அழுகலுக்கு இன்னும் சுலபமான இரை.

வெளியூர்க் கதை ஒன்று. ட்ரக்கிகார்ப்பஸ் என்று ஒரு சீனப் பனை. குளிருக்கு அசராத சாதி, பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி போனாலும் தாங்கும். 1849-ல் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார். நம்ம குமாவுன் மலையிலும் இதற்கு ஒரு சொந்தக்காரப் பனை உண்டு. ஐரோப்பாவில் இதை வீட்டு வாசலில் வளர்க்கிறவர்கள், பனியில் குருத்து கையோடு வந்தாலும் பிடுங்குவதில்லை. செம்பு மருந்தை ஊற்றி, மூடி, அடுத்த கோடை முடியும்வரை காத்திருக்கிறார்கள். காயும் இல்லை கீற்றும் இல்லை, அழகுக்கு வளர்க்கும் மரம் அது. அதற்கு ஒரு வருஷம் பொறுமை. சோறு போடப்போகும் சிவகிரித் தென்னைக்கு ஒரு மாசம்கூடக் கிடையாதா? "தென்னம்பிள்ளை" என்று பிள்ளை ஸ்தானம் கொடுத்ததெல்லாம் பேச்சுக்குத்தானா?

"எவ்வளவு நாள்தான் பார்க்கிறது?" என்ற கேள்வி நியாயமானது. அதற்கும் வழி இருக்கிறது. புதுக்குருத்திலும் அதை ஒட்டிய மட்டையிலும் ஒரே மட்டத்தில் பேனாவால் கோடு போட வேண்டும். இரண்டு வாரம் கழித்துக் குருத்தின் கோடு மேலே ஏறியிருந்தால் உயிர் இருக்கிறது. முதலில் வரும் ஓலை சுருங்கியும் கிழிந்தும் அசிங்கமாகத்தான் வரும். குருத்துக்குள் மாசக்கணக்கில் மடிந்து கிடந்தபோதே அடிபட்ட ஓலை அது, பயப்பட ஒன்றுமில்லை. அடுத்தடுத்து வருவது தேறிவிடும். ஓலை 'V' மாதிரி வெட்டுப்பட்டு, குருத்தடியில் மென்று துப்பின நார் இருந்தால் அது அழுகலே இல்லை, காண்டாமிருக வண்டு. அதற்கு வைத்தியம் வேறு.

பங்குனி, சித்திரை வெயில் போய், ஆனிச் சாரலும் வந்த பிறகும் கோடு நகரவில்லை, நடுவில் விரலை வைத்தால் கொழகொழவென்று உள்ளே போகிறது என்றால், அப்போது பிடுங்கலாம். பிடுங்கினதை எரித்து, குழிக்குச் சுண்ணாம்பு போட்டு ஆறவிட்டு, அப்புறம் அடுத்த பிள்ளை.