பட்டம் பிறகு, முதலில் வார்டு

தாதிமைப் படிப்புக்குத் திரும்ப நினைக்கும் ஒருவரிடம் நாம் முதலில் கேட்பது, “எந்தப் பல்கலைக்கழகம்?” என்பதுதான். தாதிமைப் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டில் இருக்கும் எனக்கு, அந்தக் கேள்வி மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரவேண்டும் என்று தோன்றுகிறது. முதலில் கேட்க வேண்டியது, “உங்கள் பதிவு இப்போது எந்த நிலையில் இருக்கிறது?”

சில மாதங்களாக என் சித்திக்காக இதையெல்லாம் அலசிக்கொண்டிருக்கிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் தாதிமைப் பட்டயம் பெற்று மருத்துவமனையில் வேலை பார்த்தவர் அவர். இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டார். எட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. பிள்ளைகள் இருவரும் இப்போது தொடக்கப்பள்ளியில். அடுத்த ஆண்டு சித்திக்கு 40 வயது. “பட்டம் இல்லாமல் திரும்பிப் போனால் உன் வயதுப் பிள்ளைகளெல்லாம் எனக்கு மேலதிகாரியாக இருப்பார்கள்” என்பது அவர் வாதம். அதனால் நேராகப் பட்டப்படிப்பில் சேர வேண்டும் என்கிறார்.

எனக்கு அதில் உடன்பாடில்லை.

சிங்கப்பூரில் தாதிமைப் பட்டம் ஒரே வகையானதல்ல. தொடக்கக் கல்லூரியிலிருந்து வருவோருக்கு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு உண்டு. விரும்பினால் நான்காம் ஆண்டில் ஹானர்ஸ். ஏற்கெனவே பட்டயம் பெற்றுப் பதிவு செய்த தாதியருக்கு சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம் போன்ற இடங்களில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் முடியும் பட்டக்கல்வி இருக்கிறது. வேறு துறையிலிருந்து வருவோருக்கு வாழ்க்கைத்தொழில் மாற்றத் திட்டம். அதில் படிக்கும்போதே படித்தொகை கிடைக்கும், முடித்ததும் ஒப்பந்தப்படி சில ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். என் வகுப்பில் எனக்கும் மாலை நேர டியூஷன் பிள்ளைகளுக்கும் உள்ள வயது வித்தியாசத்தைவிட, எனக்கும் சில வகுப்புத் தோழர்களுக்கும் உள்ள வித்தியாசம் அதிகம்.

சித்தி இந்த மூன்றில் எதிலும் கச்சிதமாகப் பொருந்தவில்லை. பட்டயம் இருக்கிறது, ஆனால் பணியாற்றுவதற்கான சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. அவரைப்போல் நீண்ட காலம் விலகியிருந்தவர்கள் புத்தாக்கப் பயிற்சி பெற்று மீண்டும் பணியில் சேர ஒரு திட்டம் இருக்கிறது. முதலில் அதை முடித்து, ஓராண்டாவது வார்டில் நின்றுவிட்டுப் பட்டத்துக்கு விண்ணப்பிப்பதே சரியான வரிசை என்பது என் கருத்து. பட்டயத் தாதியருக்கான பட்டப்படிப்பு, நோயாளியை எப்படிக் குளிப்பாட்டுவது என்று சொல்லித்தராது. அது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு, ஆய்வுக் கட்டுரைகளைப் படிப்பதையும் ஒரு பிரிவை நடத்துவதையும் சொல்லித்தரும். எட்டாண்டு இடைவெளியோடு அங்கே உட்கார்ந்தால் பாடங்கள் காற்றில் மிதக்கும்.

சித்தி உண்மையில் பயப்படுவது பாடங்களுக்கல்ல, கணக்குக்கு. ஒருநாள் அவருக்கு ஒரு கணக்கு கொடுத்தேன்: 1,000 மில்லிலிட்டர் திரவம் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும். குழாய் ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விடும். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 20,000 சொட்டை 480 நிமிடத்தால் வகுத்தால் ஏறத்தாழ 42. நான் பேனாவைத் திறப்பதற்குள் சித்தி, “நாற்பதுக்கு மேலே, நாற்பத்தி ரெண்டு இருக்கும்” என்றார். கை மறக்கவில்லை. அவர் வார்டுக்குப் போனால் இரண்டே வாரத்தில் மற்றதும் திரும்பிவிடும் என்ற நம்பிக்கை எனக்கு அன்றுதான் வந்தது.

இன்னொன்றும் உண்டு. மருத்துவமனைப் பயிற்சியின்போது ஒரு பாட்டி, “மேலுக்கு முடியலம்மா” என்றார். இதை எந்த மொழியில் எப்படிக் குறித்துவைப்பது? காய்ச்சலா, கிறுகிறுப்பா, மூச்சு வாங்குகிறதா? தமிழில் நான்கைந்து கேள்வி கேட்டால்தான் தெரியும். 2030ஆம் ஆண்டுக்குள் சிங்கப்பூரர்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார். அவர்களில் இப்படிப் பேசும் பாட்டிகளும் தாத்தாக்களும் இருப்பார்கள். இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்த சித்தி, இரண்டு ஆண்டுகள் விரிவுரை மண்டபத்தில் இருப்பதைவிட இப்போதே படுக்கையருகில் இருப்பது நல்லது.

அதற்காகப் பட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நோயாளியைத் தாமே பரிசோதித்துச் சிகிச்சை முடிவுகளில் பங்கெடுக்கும் ‘அட்வான்ஸ்ட் பிராக்டிஸ் நர்ஸ்’ ஆக முதுநிலைப் பட்டம் தேவை. அதற்கு இளநிலைப் பட்டம்தான் படிக்கட்டு. சித்திக்கு அந்த ஆசை இருக்கிறது, வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும்.

பணக் கணக்கும் காத்திருப்பவர் பக்கம்தான் சாய்கிறது. 40 வயதை எட்டிய சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் முதல் 4,000 வெள்ளி கூடுதல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை கிடைக்கிறது. வேலையில் இருந்தால் மருத்துவமனையின் ஆதரவைக் கேட்கலாம். பொதுச் சுகாதாரத் துறைத் தாதியருக்கு 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை தரும் ‘ஏஞ்சல்’ திட்டமும் பணியில் இருப்பவர்களுக்கே. விரிவுரை மண்டபத்தில் இருப்பவர்களுக்கு அல்ல.

அடுத்த வாரம் சித்தி இரண்டு மருத்துவமனைகளைத் தொடர்புகொள்ளப் போகிறார். கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். புத்தாக்கப் பயிற்சியின்போது படித்தொகை உண்டா? பிறகு பட்டப்படிப்புக்கு ஆதரவளித்தால் எத்தனை ஆண்டு ஒப்பந்தம்? மாதத்துக்கு எத்தனை இரவுப் பணி? தாளை வாங்கிப் பார்த்த சித்தி, மூன்றாவது கேள்வியை முதல் இடத்துக்கு மாற்றிவிட்டார்.