விளையாட்டு அரங்கம்: கார்லைல் மாணவரும் 1912-ஆம் ஆண்டும்

நம் பிள்ளைகள் மைதானத்தில் உதைத்தாடும் கால்பந்து வேறு. அமெரிக்கர் அப்பெயரால் வழங்கும் ஆட்டம் வேறு. அங்கே பந்து முட்டை வடிவினது. அதனைக் கையில் ஏந்தி ஓடலாம். ஓடுபவனை எதிரணியினர் பற்றி வீழ்த்தலாம். அவ்வாட்டத்தில் புகழ் ஈட்டிய ஒரு மாணவர் அணியைப் பற்றி இத்திங்கள் கூற விழைகின்றோம்.

பென்சில்வேனியா மாநிலத்துக் கார்லைல் நகரில், பழைய படைவீடு ஒன்றில், ரிச்சர்டு பிராட் என்னும் இராணுவ அதிகாரி 1879-இல் அமெரிக்கப் பழங்குடிச் சிறாருக்கென உறைவிடப் பள்ளி ஒன்றை நிறுவினார். நெடுந்தொலைவிலிருந்து அங்குக் கொண்டுவரப்பட்ட சிறாரின் முடி கத்தரிக்கப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது, தாய்மொழி பேசுதல் தடுக்கப்பட்டது.

அப்பள்ளியின் அணியே பெரும் பல்கலைக்கழகங்களோடு பொருதது. பயிற்றுநர் கிளென் வார்னர். தலைசிறந்த ஆட்டக்காரர் ஜிம் தோர்ப். அவர் அவ்வாண்டுக் கோடையில்தான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரு தங்கப் பதக்கங்கள் வென்று திரும்பியிருந்தார்.

அப்பருவத்தில் 14 ஆட்டங்கள். 12 வெற்றி, ஒரு தோல்வி, ஒன்று சமன். அவற்றுட் பல வெளியூர்களில் நிகழ்ந்தன. கனடாவின் டொராண்டோ வரையும் சென்று ஆடினர். புகைவண்டி அலுவலகத்தில் எழுதுகோல் பிடிக்கும் நமக்கு அவ்வலைச்சல் நன்கு விளங்கும்.

நவம்பர் 9-ஆம் நாள் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரி அணியை அவர்கள் எதிர்த்தனர். இவர்தம் முன்னோரைப் போரில் ஒடுக்கிய படைக்கு அதிகாரிகளை அளித்த கல்லூரி அது. ஆட்ட முடிவில் கார்லைல் 27, இராணுவ அணி 6! தோற்ற அணியில் ஆடியவருள் ஒருவர் பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஐசன்ஹோவர். அடுத்த வாரமே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திடம் கார்லைல் தோற்றது என்பதையும் மறைக்கலாகாது.

ஆயினும் வெற்றி அவர்தம் குறையைத் தீர்த்துவிடவில்லை. முன்னர்ப் பணம் பெற்றுப் பேஸ்பால் ஆடினார் என்று கூறி, 1913-இல் தோர்ப்பின் ஒலிம்பிக் பட்டங்களைப் பறித்தனர். அவர் 1953-இல் மறைந்தார். தனி வெற்றியாளர் என்னும் பெருமை 2022-இல்தான் முழுமையாக மீண்டது. பள்ளி 1918-இல் மூடப்பட்டது. அங்குள்ள இடுகாட்டில் 180-க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டனர். அண்மை ஆண்டுகளில் சிலரது எச்சங்கள் அவர்தம் இனத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டு வருகின்றன.

அன்பர்களே, பிழைப்பை நாடி நாமும் ஊர் விட்டு வந்தோம். ஆனால் நாமாக வந்தோம். நம் வீட்டில் தமிழ் பேசலாகாதென எவரும் ஆணையிடவில்லை. அச்சிறாரிடம் மொழியைப் பிறர் பறித்தனர். நம் பிள்ளைகள் அதனை இழப்பின் அது நம் சோம்பலால்தான். ஆதலின் இன்றிரவு உணவு வேளையில் தோர்ப்பின் கதையை அவர்களுக்குத் தமிழிலேயே சொல்லுங்கள்.