யாருடைய பற்றாக்குறை?

"பிரதர், மிஷன் காலமெல்லாம் மலையேறிப்போச்சு. இப்ப நிறுவனம் ஓடணும்ல? காலேஜ் நிதி நிலைமை அப்படி."

போன சூன் மாதம் ஒரு கிறிஸ்தவக் கலைக்கல்லூரியின் பர்சார் என்னிடம் சொன்னது இது. கல்லூரியின் பேர் வேண்டாம். படிக்கிற தோழர்கள் ஒவ்வொருத்தரும் தங்கள் ஊர்க் கல்லூரியை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம், பொருந்தும்.

என் அக்கா மகளைச் சேர்க்கப் போயிருந்தேன். அக்கா செங்கல் சூளையில் கல் அறுக்கிறவள். எங்க பாட்டன் காலத்திலேயே வேதத்துக்கு வந்த குடும்பம். அரசு உதவிபெறும் பிரிவில் இடம் முடிந்துவிட்டது, சுயநிதிப் பிரிவில் இருக்கிறது, முழுப் பணத்தையும் இன்றைக்கே கட்டினால் சீட்டு என்றார்கள். "கிறிஸ்தவத்துக்கு மாறின ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்கும் அரசு உதவித்தொகை இருக்கே, 2012 அரசாணை 92 சுயநிதிக்கும் சேர்த்துத்தானே போட்டாங்க" என்று கேட்டேன். "அது வரும்போது வரும். இப்ப கட்டிடுங்க" என்றார் பர்சார். அவர் தலைக்கு மேலே, தரித்திரருக்கு நற்செய்தி சொல்ல வந்ததாக நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு வாசித்த வசனம், கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது.

அஞ்சு வட்டிக்கு வாங்கித்தான் கட்டினோம். உதவித்தொகை வருகிற மாதம் வரைக்கும் அந்த வட்டியைச் சூளைக்காரி கட்டுவாள். அரசாங்கம் தாமதிக்கும், கல்லூரி காத்திருக்காது. நடுவில் கிடக்கிற மாதங்களுக்கு விலை கொடுப்பவள் என் அக்கா. கல்லூரியின் நிதி ஆரோக்கியம் என்கிறார்களே, அந்த ஆரோக்கியத்துக்கு மருந்துச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

மிஷனா, பணமா என்று வந்தால் நிறுவனம் என்ன செய்யும்? இந்தக் கேள்வி நேற்று முளைத்தது அல்ல. கிறிஸ்தவ உயர்கல்வி இங்கே காலூன்றிய நாளிலேயே வந்துவிட்டது. எழுதப்பட்ட வரலாறு உள்ள ஒன்றை எடுத்துக்கொள்வோம். (நான் போன கல்லூரி இது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

1837ல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி சென்னையில் நடத்தத் தொடங்கிய பள்ளிதான் பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. அவர் குறி வைத்தது மேல்சாதி இளைஞர்களைத்தான். ஆனால் தொடங்கிய சில காலத்திலேயே பறையர் சிறுவர்கள் சிலர் அந்தப் பள்ளிக்குள் வந்துவிட்டார்கள். நெற்றியில் நாமம் போட்டு, சாதி தெரியாமல் வந்தார்களாம். படிப்புக்காக நம் பிள்ளைகள் எதையெல்லாம் பூசிக்கொண்டு நுழைய வேண்டியிருந்தது பாருங்கள்! தெரிந்ததும் மேல்சாதிக்காரர்கள் அவர்களை வெளியேற்றச் சொன்னார்கள். ஆண்டர்சன் மறுத்தார். கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போனார்கள்.

அன்றைக்கு ஆண்டர்சனிடம் ஒரு பர்சார் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? பிள்ளைகளே இல்லாத பள்ளிக்கு ஸ்காட்லாந்தில் எவன் காணிக்கை போடுவான், ரெண்டு மூணு பறப்பிள்ளைக்காக நிறுவனத்தை மூடுவதா என்றுதானே? பள்ளி மூடப்படவில்லை. போனவர்களின் இடத்துக்கு ஆட்கள் வந்தார்கள். நிறுவனம் இன்றுவரை நிற்கிறது. தலித்தை உள்ளே வைத்துக்கொண்டால் நிறுவனம் திவாலாகிவிடும் என்ற பயமுறுத்தலுக்கு அந்த நிறுவனத்தின் பிறப்பே பதில்.

ஆனால் ஆண்டர்சனின் அந்த ஒரு நாளைப் பின்னால் வந்தவர்கள் கொள்கையாக்கவில்லை. 1862ல் வந்த வில்லியம் மில்லர் 1907 வரை முதல்வராக இருந்தார். பெரிய ஆள், மறுக்கவில்லை. அவருடைய கருத்து என்ன? மேலே இருப்பவர்களின் சிந்தனையில் கிறிஸ்தவ எண்ணத்தை ஊற்றினால் அது மெல்ல மெல்லச் சமூகம் முழுக்கப் பரவும் என்பது. பானையின் வாயில் ஊற்றினால் அடிவரைக்கும் இறங்கும் என்ற கணக்கு. சாதியச் சமூகத்தில் மேலே ஊற்றியது மேலேயே உறிஞ்சப்பட்டுவிடும் என்பது நம்ம ஊர் வாய்க்கால் பார்த்த எவனுக்கும் தெரியும். தலைமடைக்காரன் குடித்தது போகத்தானே கடைமடைக்கு?

அதே காலத்தில் கீழே என்ன நடந்தது? 1876-78 தாது வருசப் பஞ்சத்தில் கொத்துக்கொத்தாகச் செத்தவர்கள் நம் சனங்கள். பஞ்சத்துக்குப் பின் கூட்டம் கூட்டமாக வேதத்துக்கு வந்தவர்களும் அவர்களே. தெலுங்கு நாட்டில் ஓங்கோலுக்கு அருகில் 1878 சூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெரும்பாலோர் மாதிகர்கள். செங்கல்பட்டுச் சீமையில் ஆடம் ஆண்ட்ரு என்ற மிஷனரி படியாள்களோடு இருந்து, அவர்களுக்கு நிலம் வேண்டும் என்று அரசாங்கத்தோடு மல்லுக்கட்டினார். அந்த அலையில்தான் டிரமென்கீர் அறிக்கை, 1892 பஞ்சமி நில ஆணை எல்லாம் வந்தன. ஆண்ட்ருவும் ஸ்காட்லாந்து சுயாதீன சபைக்காரர்தான், மில்லரும் அதே சபைக்காரர்தான். ஒரே சபைக்கு இரண்டு கை. ஒரு கை சேரியில் ஆத்துமாக்களை எண்ணியது. மறு கை நகரத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குப் பட்டம் கொடுத்தது. சபையின் தலைக்கணக்கு சேரியிலிருந்து, கல்லூரியின் சேர்க்கைக் கணக்கு அக்கிரகாரத்திலிருந்து!

பணம் எங்கிருந்து வந்தது? 1854 வுட் அறிக்கைக்குப் பிறகு தனியார் கல்வி நிறுவனங்களுக்கு அரசு மானியம் கிடைத்தது. அரசின் வருமானத்தில் பெரும்பகுதி நிலவரி. அந்த நிலத்தில் சேற்றில் இறங்கியவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. படியாள் உழைப்பு வரியாகி, வரி மானியமாகி, மானியம் மிராசுதார் வீட்டுப் பிள்ளையின் பி.ஏ. ஆனது. இதைத்தான் நான் பற்றாக்குறை என்பேன்.

மேலிருந்து பரவும் என்ற கொள்கையின் பலனையும் பார்த்துவிடலாம். அந்தக் கல்லூரியில் படித்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1908ல் தன் எம்.ஏ. ஆய்வேட்டை வேதாந்தத்தின் அறவியல் பற்றி எழுதினார். கிறிஸ்தவ விமர்சனத்துக்கு எதிராக வேதாந்தத்தைக் காக்கும் எழுத்து அது. ஊற்றியது எந்தப் பக்கம் ஓடியது என்று தெரிகிறதா? நம் பெருந்தலைவர்களில் ஒருவரான எம்.சி.ராஜாவும் அங்கே படித்தவர்தான். மறைக்கவில்லை. ஒரு ராஜாவைச் சொல்லி நூற்றாண்டுக் கணக்கை நேர் செய்ய முடியாது என்று மட்டும் சொல்கிறேன்.

1931ல் லிண்ட்சே தலைமையிலான குழு இந்தியாவின் கிறிஸ்தவக் கல்லூரிகளை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. இந்தக் கல்லூரிகள் தேர்வு எழுதவைக்கும் இயந்திரங்களாகிவிட்டன, கிறிஸ்தவச் சமூகத்தின் தேவையோடும் கிராமத்தோடும் இவற்றைப் பிணைக்கும் ஆய்வும் விரிவாக்கப் பணியும் வேண்டும் என்பது அதன் சாரம். 'மிஷன் மங்கிவிட்டது' என்ற ஒப்பாரிக்கே வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது, தோழர்களே. 1937ல் அந்தக் கல்லூரி தாம்பரத்துக்கு, சேலையூர்க் காட்டுக்குள் 300 ஏக்கருக்கும் மேற்பட்ட வளாகத்துக்குப் போனது. அதே செங்கல்பட்டு மண்ணில், பறிபோன பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்காகத்தான் 1994 காரணைப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் சுடப்பட்டுச் செத்தார்கள். நிறுவனத்துக்குக் காடு கிடைத்தது. நம் சனங்களுக்குக் காணிநிலம் கேட்டால் குண்டு கிடைத்தது.

'லிபரல் ஆர்ட்ஸ்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தச் சொல்லின் வேர் லத்தீன். ரோமாபுரியில் அடிமையல்லாத மனிதனுக்கு உரிய கல்வி என்று அதற்குப் பொருள். இங்கே அடிமைமுறையைச் சட்டம் கைவிட்டது 1843ல். சட்டம் கைவிட்டாலும் பண்ணை கைவிடவில்லை. அடிமையாக வைக்கப்பட்டவனை விடுதலையாக்கும் கல்வி என்று அதைத் திருப்பிப் போட்டிருந்தால், அது மிஷன். ஏற்கெனவே விடுதலையாக இருப்பவனுக்கே விற்றால், அது கடை. கடைக்குச் சிலுவை எதற்கு?

சரி, இன்றைக்கு வருவோம். அரசு உதவிபெறும் கல்லூரியில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்குச் சம்பளம் அரசு தருகிறது. அதாவது சனங்களின் வரி. நிர்வாகங்கள் சொல்லும் நெருக்கடியில் உண்மையும் இருக்கிறது: ஓய்வு பெற்றவர்களின் இடங்களை நிரப்ப அரசு வருடக்கணக்கில் இழுத்தடிக்கிறது, புதுத் துறைகளுக்கு மானியம் தருவதில்லை. 2020ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் இறுக்கப்பட்டது. இதற்காக அரசோடு சண்டை போட வேண்டியவர்கள் என்ன செய்தார்கள்? சுயநிதிப் பிரிவைத் திறந்தார்கள். காலையில் மானியக் கல்லூரி, மதியம் அதே பெஞ்சில் கட்டணக் கல்லூரி. அங்கே தொகுப்பூதியத்துக்குப் பாடம் நடத்தும் முனைவர் பட்டக்காரர்களில் நம் பிள்ளைகள் உண்டு. நிரந்தர வேலை என்று வரும்போது மட்டும் சபை அரசியலும் சாதிச் சங்கமும் பெட்டியும் முன்னால் வந்து நிற்கின்றன. விசயம் தெரிந்தவர்கள் எல்லோரும் பேசுகிறார்கள், எவரும் எழுதுவதில்லை.

அடுத்தது சிறுபான்மை உரிமை. அரசியல் சட்டம் 30(1) தருகிற உரிமை அது. 2005ல் சேர்க்கப்பட்ட 15(5) பிரிவு சிறுபான்மை நிறுவனங்களை இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கி வைத்தது. 2014ல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இந்தச் சிறுபான்மை என்பது யார்? இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016ல் வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கையில், 1.9 கோடிக் கத்தோலிக்கர்களில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று ஒப்புக்கொண்டது. தலையை எண்ணும்போது நாம், பந்தியில் இலை போடும்போது அவர்கள். 1950 குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவத் தலித்தை எஸ்.சி. பட்டியலுக்கு வெளியே தள்ளியது. சீக்கியரை 1956லும் பௌத்தரை 1990லும் உள்ளே எடுத்தார்கள். நமக்கு இன்னும் கதவு திறக்கவில்லை. தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில் நின்று ஆதிக்கச் சாதிகளோடு போட்டி போடுகிறோம். அரசின் கதவு அடைபட்ட இடத்தில் சபையின் கதவாவது திறந்திருக்க வேண்டாமா? அங்கே 'கிறிஸ்தவர்' என்ற ஒரே பட்டியல். அதற்குள்ளே ஆதிக்கச் சாதிக் கிறிஸ்தவன் முதலில் நுழைகிறான். அரசு நம்மைக் கிறிஸ்தவன் என்று சொல்லித் தள்ளுகிறது. சபை நம்மைப் பறையன் என்று நினைத்துத் தள்ளுகிறது.

"இதையெல்லாம் வெளியே பேசினா ஆர்.எஸ்.எஸ்.காரனுக்குத் தீனி" என்பார்கள். தெரியும். 30வது பிரிவில் கைவைக்க வருகிற காவிக் கும்பலுக்கு எதிராகத் தெருவில் முதலில் நிற்கப் போவதும் சேரி சனம்தான். அப்படி நிற்கச் சொல்கிறவர்கள், எதைக் காக்க நிற்கிறோம் என்ற கணக்கையும் காட்ட வேண்டும். உரிமை சமூகத்துக்குத் தரப்பட்டது, ஆட்சிக்குழுவின் குடும்பங்களுக்கு அல்ல.

நிதியில்லாமல் கல்லூரி நடத்த முடியாது என்று நமக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அம்பேத்கர் 1945ல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். அடுத்த வருடமே பம்பாயில் சித்தார்த் கல்லூரி. 1950ல் மராத்வாடாவின் அவுரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரி. எங்கே படிப்பு எட்டவில்லையோ அங்கே போய்க் கல்லூரி வைத்தார். மேலைநாட்டுச் சபைகளின் காணிக்கை அவருக்கு இல்லை. யாருக்காக நடத்துகிறோம் என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை. அது தெளிவாக இருந்தால் பணத்தை அதற்கு ஏற்ப ஏற்பாடு செய்வார்கள். அது இல்லாதவர்களிடம் எவ்வளவு பணம் இருந்தாலும் பற்றாக்குறைதான்.

கிறிஸ்தவக் கல்லூரிகளில் படிக்கிற, வேலை பார்க்கிற தோழர்கள் அவரவர் வளாகத்தில் கேட்க வேண்டியவை:

1. மாணவர், ஆசிரியர், அலுவலர் எத்தனை பேர், அதில் தலித் கிறிஸ்தவர், தலித், பழங்குடியினர் எத்தனை பேர்? மானியப் பிரிவுக்கும் சுயநிதிப் பிரிவுக்கும் தனித்தனியே, வருடாவருடம் வெளியிடு.

2. சிறுபான்மையினர் இடங்களிலும் பணியிடங்களிலும் தலித் கிறிஸ்தவருக்குச் சபையில் உள்ள விகிதப்படி பங்கு கொடு. அதற்கு எந்த நீதிமன்றமும் தடை போடவில்லை.

3. உதவித்தொகைக்கு உரிய பிள்ளையிடம் முன்பணம் கேட்காதே. டி.சி.யைப் பிடித்து வைக்காதே.

4. சுயநிதிப் பிரிவின் வரவு செலவையும் நிலம், கட்டட வாடகை வருமானத்தையும் சபையார் முன் வை.

கணக்கைக் காட்டட்டும். பற்றாக்குறை உண்மை என்றால் அரசிடம் மானியம் கேட்டு நாமும் கூட நின்று போராடுவோம். காட்ட மறுத்தால், பற்றாக்குறை பெட்டியில் இல்லை என்று எடுத்துக்கொள்வோம்.

அக்கா மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். கல்லூரி தொடங்கிய நாளில் சிற்றாலயத்தில் ஆராதனை வைத்து, இது ஏழைகளுக்காக எழுப்பப்பட்ட நிறுவனம் என்று ஆயர் ஜெபித்தாராம். வீட்டுக்கு வந்து சொன்னாள். அன்றைக்கு வட்டி கொடுக்க வேண்டிய நாள். அக்கா சூளையிலிருந்து இன்னும் திரும்பவில்லை.