பட்டறைப் பையன்: பழகுநரா, தொழிலாளியா?

விபத்தில் நசுங்கிய காரின் கதவை ஒடுக்கெடுத்து, பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, பழைய வண்ணத்தோடு வேறுபாடு தெரியாமல் பெயின்ட் அடிக்கக் கண்ணும் கையும் பல்லாண்டுகள் பழக வேண்டும். அரசு ஐடிஐக்களில் வாகன உடற்பகுதி பழுதுநீக்கல், வாகன வண்ணப்பூச்சு என ஓராண்டுப் பிரிவுகள் உண்டு. எனினும் இத்தொழிலுக்கு வருவோரில் பலர் டிங்கரிங் பட்டறையில் ‘பையன்’ ஆகச் சேர்ந்து கற்றவர்களே.

சென்ற ஆண்டு எம்மை அணுகிய தலித் இளைஞர் ஒருவர், ஒன்பது ஆண்டுகள் ஸ்ப்ரே கன் பிடித்தவர். நிறுவன சேவை மையம் ஒன்றில் வேலை கேட்டபோது, சான்றிதழ் இல்லையென்று உதவியாளராகவே சேர்த்துக்கொண்டனர். ஐடிஐ முடித்து வருவோருக்கு வண்ணக் கலவையைக் கற்றுத்தருபவர் அவர். ஊதியத்தில் அவர்களுக்குக் கீழே நிற்பவரும் அவரே. அவருடைய பழைய பட்டறை முதலாளிக்கு ஊதிய பாக்கி கேட்டு அறிவிப்பு அனுப்பினோம். “அவன் தொழில் பழக வந்தவன்” என்று ஒரே வரியில் மறுமொழி வந்தது.

இந்த ஒரு வரியில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், பிரிவு 18, பழகுநர் தொழிலாளி அல்லர் என்கிறது. ஆனால் அதே சட்டத்தின் பிரிவு 4, பழகுநராவதற்கு எழுத்து ஒப்பந்தமும் அதன் பதிவும் வேண்டும் என்கிறது. ஒப்பந்தமே இல்லாத இடத்தில் பிரிவு 18இன் நிழலில் முதலாளி ஒதுங்க முடியாது. அந்தப் ‘பையன்’ தொழிலாளியே, குறைந்தபட்ச ஊதியம் அவருக்கு உரியதே என்பது எம் வாதம்.

ஊதியத்தினும் கொடியது மூச்சு. இன்றைய இருகூறு பெயின்ட்களின் ஹார்டனரில் ஐசோசயனேட் உள்ளது. தெளிக்கும்போது எழும் அதன் நுண்துளிகள் ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் பின்னர் மிகச் சிறிய அளவே மூச்சைத் திணறடிக்கும். மணத்தை வைத்தும் எச்சரிக்கை பெற இயலாது. தூய காற்றைக் குழாய்வழி தரும் முகக்கவசம் தேவைப்படும் இடத்தில் நம் இளைஞர்கள் கைக்குட்டை கட்டுகின்றனர். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் அட்டவணையில் ஐசோசயனேட் நச்சையும் சேர்த்தே வைத்திருந்தது. ஆனால் மின்விசை பயன்படும் இடத்தில் பத்துத் தொழிலாளர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்பு அவ்வெல்லையை இருபதாக உயர்த்தியது. ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறையில் வரும் நோய் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

மறுபுறம், பெரிய சேவை மையங்களின் கதவைத் தட்ட நம்மிடம் ஒரு கருவி உண்டு. தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை என்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். மேடைகளில் நாமும் அப்படியே முழங்கியிருக்கிறோம். ஆனால் பழகுநர் சட்டத்தின் பிரிவு 3அ, குறிக்கப்பட்ட ஒவ்வொரு தொழிற்பிரிவிலும் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் பயிற்சி இடங்களை முதலாளியே ஒதுக்க வேண்டும் என்கிறது. அரசு, தனியார் என்ற பிரிவினை அங்கு இல்லை. முப்பது பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம் பழகுநர்களைச் சேர்த்தே ஆக வேண்டும் என்பது விதி. பயிற்சிக்குப் பின் வேலை தரும் கட்டாயம் இல்லாதது இச்சட்டத்தின் பெருங்குறை. ஆயினும் சான்றிதழ் கிடைக்கும். நம் கட்சிக்காரருக்கு இல்லாமற்போனது அதுதான்.

பட்டறையில் கற்றவர்களுக்கு முன்கற்றல் அங்கீகாரத் தேர்வு ஒரு வழி. சொந்தப் பட்டறை வைக்க எண்ணுவோர், மூலதனத்தில் 35 விழுக்காடு மானியம் தரும் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தை நாடலாம்.

சட்டம் பயிலும் மாணவர்கள் தத்தம் மாவட்டத்தில் ஒரு தகவல் உரிமை மனு இட்டால் போதும். மாநிலப் பழகுநர் ஆலோசகரிடம், வாகன நிறுவனங்களில் பிரிவு 3அவின்படி ஒதுக்கப்பட்ட இடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை என்று கேளுங்கள். மொத்த எண்ணிக்கையோடு நின்றுவிடாமல் தொழிற்பிரிவு வாரியாகக் கேட்க வேண்டும்; மொத்தக் கணக்கைப் பார்த்தால் வண்ணப்பூச்சு அறைக்குள் யார் நுழைந்தார், யார் வாசலில் வண்டி கழுவுகிறார் என்பது தெரியாது.